போன் தின்ற கோடுகள்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்ததால் இந்தக் கதைக்கு உதவாது. அது கிடக்கட்டும்.

அதே காட்டில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு இலுப்பை மரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் மருக்கொழுந்து என்கிற அணில் கூடு கட்டியிருந்தாள். நடுமரத்துப் பொந்தில் சுடலி என்கிற மரநாய் குடியிருந்தாள். இருவரும் உயிர்த் தோழிகள். ஒரே ஒரு சிக்கல். மருக்கொழுந்து பகலில் விழித்திருந்து ராத்திரி தூங்குகிறவள். சுடலி ராத்திரி விழித்திருந்து பகலில் தூங்குகிறவள். பொழுது சாய்கிற நேரத்தில் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு மேலே ஏற, இவள் கொட்டாவி விட்டுக்கொண்டு கீழே இறங்க, வழியில் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

"சாப்பிட்டியாட்டி?" என்பாள் மருக்கொழுந்து.

"இனிமேத்தான்," என்பாள் சுடலி.

விடியலில் இதே கேள்வியைச் சுடலி கேட்பாள், இதே பதிலை மருக்கொழுந்து சொல்வாள். இத்தனை வருஷமாக அவர்கள் பேசியது இவ்வளவுதான். சண்டையே வந்ததில்லை. இதைவிட நீளமாகப் பேசுகிற இடத்தில்தான் சண்டை வருகிறது என்று பக்கத்துப் புதரில் இருந்த காட்டுக்கோழி மதினி சொல்லுவாள். அவள் வீட்டில் நீளமாகப் பேசுவார்கள்.

தோழிகளிடம் ஒரு போன் இருந்தது. அருவி பார்க்க வந்த ஒருவர், தன்னையும் அருவியையும் சேர்த்துப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, வழுக்கி விழுந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். போனை விட்டுவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி கீறியிருந்ததே தவிர மற்றபடி நன்றாகவே இருந்தது. மான்கள் தண்ணீர் குடிக்கக் கட்டிய தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் ஓடுகிற பம்பு ஒன்று உண்டு. அதில் வயரைச் செருகினால் சார்ஜ் ஏறிவிடும். பகலில் மருக்கொழுந்து போனை வைத்திருப்பாள், ராத்திரியில் சுடலி.

இருவருக்கும் படம் வரையப் பிடிக்கும். ஒரு போன்தான் என்பதால் படமும் ஒன்றுதான். பகலில் மருக்கொழுந்து விரலால் கோடு இழுப்பாள். ராத்திரி சுடலி அதன்மேல் தன் கோட்டை இழுத்து, வண்ணம் பூசுவாள். என்ன வரைந்தாய், ஏன் வரைந்தாய் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. விடிந்ததும் படத்தை 'வாலும் வாலும்' என்கிற தங்கள் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது வால் மட்டும்தான், அதனால் அந்தப் பெயர்.

வரைந்தது எதை என்றால், 'ஒரே பொந்து' நிகழ்ச்சியை.

அதை நடத்தியவர் நரி அண்ணாச்சி. புலி எண்ண வந்தவர்கள் மரத்துக்கு மரம் கேமரா கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புலி அந்தப் பக்கமே வரவில்லை. கேமரா வீணாகிறதே என்று அண்ணாச்சி எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டுபோய் ஒரு பெரிய மருதமரத்துப் பொந்துக்குள் கட்டினார். உள்ளே சில மிருகங்களை விட்டு வாசலை அடைத்தார். உள்ளே இருப்பவர்கள் தின்பார்கள், தூங்குவார்கள், தீனி பற்றாமல் சண்டை போடுவார்கள். வெளியே இருப்பவர்கள் தங்கள் தீனியைத் தின்றுகொண்டே அதைப் போனில் பார்ப்பார்கள். வாரக் கடைசியில் காடே ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்பும். வெளியே வந்தவர் முதல் வேலையாக யாரிடமாவது போனை வாங்கி, உள்ளே இருப்பவர்களைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

அண்ணாச்சியின் திறமையெல்லாம் வெட்டி ஒட்டுவதில் இருந்தது. காலையில் காட்டுப்பன்றி, "இந்தக் கிழங்கு முத்தல். வாயிலே வைக்க முடியலை," என்று சொல்லியிருக்கும். மத்தியானம் மயிலின் கண்ணில் பூச்சி விழுந்து தண்ணீர் கொட்டியிருக்கும். கிழங்கை மட்டும் வெட்டிவிட்டு மீதியை ஒட்டினால், காட்டுப்பன்றி தன்னை முத்தல் என்று சொன்னது தாங்காமல் மயில் அழுகிறது. காடு கொதிக்கும். அந்த வாரம் காட்டுப்பன்றி வெளியே. அது வந்து, நான் கிழங்கைத்தான் சொன்னேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லும். கேட்டவர்கள் சரி, சரி என்று தலையாட்டுவார்கள்.

அண்ணாச்சி வெட்டி ஒட்டுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பார்த்தார்கள். என்ன எண்ணெய் என்று விசாரித்துவிட்டா நாம் கடையில் பஜ்ஜி தின்கிறோம்.

மயில் அழுத அன்றைக்கு மருக்கொழுந்து ஒரு படம் வரைந்தாள். மயிலின் கண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது, கீழே காட்டுப்பன்றி சோப்புப் போட்டுக் குளிக்கிறது. ராத்திரி சுடலி அதைப் பார்த்தாள். அருவி நன்றாயிருந்தது. சோப்புதான் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. கட்டைவிரலால் லேசாகத் தேய்த்து அதை அழித்தாள். கை காலியாக இருக்கிறதே என்று காட்டுப்பன்றியின் கையில் ஒரு கிழங்கைக் கொடுத்தாள். மூலையில் ஒரு நிலா வைத்தாள். அவள் எந்தப் படத்திலும் ஒரு நிலா வைப்பாள்.

விடிந்து சுடலி படுத்ததும், போடுவதற்கு முன்னால் ஒரு தரம் பார்ப்போம் என்று மருக்கொழுந்து படத்தைத் திறந்தாள். சோப்பு இல்லை. போன் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பாவம் சுடலி, ஓட்டை தெரியக் கூடாதென்று கிழங்கை வைத்து அடைத்திருக்கிறாள். எவ்வளவு நல்ல மனசு. பிறகு நிலாவைப் பார்த்தாள். குளிக்கிற இடத்தில் நிலா எதற்கு என்று அதைத் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் துண்டு காயப் போட்டாள்.

படம் வெளியே போனது. காடு விழுந்து விழுந்து சிரித்தது. குரங்குகள் கிளைக்குக் கிளை அனுப்பின. மயிலின் சொந்தக்காரர்கள்கூட, யாரும் பார்க்காத இடத்தில் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

போன் கோடு தின்கிறது என்பதை முதலில் சொன்னது மருக்கொழுந்துதான். ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், என் நிலா எங்கட்டி என்று சுடலி கேட்டுவிட்டாள். அழித்தேன் என்று சொல்ல மருக்கொழுந்துக்கு வாய் வரவில்லை. போன் தின்றிருக்கும், கண்ணாடிதான் கீறியிருக்கிறதே என்றாள். சுடலிக்கு அப்பாடா என்று இருந்தது. ஏனென்றால் அவளும் அதுவரை நிறைய அழித்திருந்தாள், கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தாள். ஆமாட்டி, உன் கோட்டையும் அது தின்னுது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆக, தான் சொன்னது பொய் என்று இருவருக்கும் தெரியும். அடுத்தவள் சொன்னது மெய் என்று இருவரும் நம்பினார்கள். அன்றிலிருந்து அந்தப் போன் நிறையத் தின்றது. ஒருத்தி ஆசையாக வரைந்ததை மற்றவள் அழித்து, அந்த இடத்தை நிரப்பினாள். போன் தின்ற ஓட்டையை அடைத்திருக்கிறாள் என்று வரைந்தவள் நினைத்துக்கொண்டாள். அப்படி அழித்து அழித்து நிரப்பியதில்தான் படம் அவ்வளவு அழகாக வந்தது.

போகப் போகக் காட்டில் யாரும் 'ஒரே பொந்து' பார்ப்பதில்லை. விடியலில் படத்தைப் பார்த்தால் நேற்று உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. பார்க்க அரை நிமிஷம் போதும். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, இரை தேடி வைத்துவிட்டுப் பார்க்கலாம். நரி அண்ணாச்சிக்கு இது பொறுக்கவில்லை. பம்பிலிருந்து வருகிற கரண்டு அத்தனையையும் தன் கேமராக்களுக்கு இழுத்துக்கொண்டார். போனுக்குச் சார்ஜ் இல்லாமல் போனது.

தோழிகள் இருவரும் பொழுது சாயும்போது அவரைப் பார்க்கப் போனார்கள். ஒருத்திக்குத் தூக்கம் வருகிற நேரம், ஒருத்திக்குத் தூக்கம் கலையாத நேரம். அண்ணாச்சி உட்காரச் சொன்னார். தான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை என்றார். பொந்துக்குள்ளே சார்ஜ் தாராளமாக இருக்கிறது, வேளைக்குச் சாப்பாடும் உண்டு, உள்ளே வந்து உட்கார்ந்து வரையுங்கள், காடே பார்க்கட்டும் என்றார்.

சுடலி, உனக்கு எப்படியோ எனக்கும் அப்படித்தான் என்று மருக்கொழுந்தைப் பார்த்தாள். மருக்கொழுந்து யோசித்தாள். சார்ஜ் இல்லையென்றால் படம் இல்லை. படம் இல்லையென்றால் தனக்கும் சுடலிக்கும் நடுவில் என்ன இருக்கிறது. பொழுதுசாய ஒரு கேள்வி, ஒரு பதில். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஒருத்தியைப் பிடித்து வைக்க முடியும். சரி அண்ணாச்சி, வாரோம் என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் இருவரும் பொந்துக்குள் போனார்கள்.

உள்ளே மயில் இருந்தது. ஒரு ஆமை இருந்தது. ஆமையைப் பாறை என்று நினைத்து யாரும் ஓட்டுப் போடாததால் அது சீசன் தொடங்கியதிலிருந்து இருந்தது. உயிர்த் தோழிகளை ஒரே பொந்தில் அடைத்தால் ஒரு வாரத்தில் முடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டார். அது நடக்கவில்லை. பகலில் மருக்கொழுந்து வரைந்துகொண்டிருப்பாள், சுடலி குறட்டை விடுவாள். ராத்திரி சுடலி வரைவாள், மருக்கொழுந்து வாலைப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். அண்ணாச்சி தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தார். சுடலியின் குறட்டையையும் மருக்கொழுந்து உண்ணி சொறிவதையும் வெட்டி ஒட்டினார். அதைப் பார்த்து யாருக்கும் கோபம் வரவில்லை. குளத்துத் தவளை ஒன்று எல்லா நிகழ்ச்சிக்கும் விமர்சனம் சொல்லும். அது, பிள்ளைகளைத் தூங்க வைக்க நல்ல நிகழ்ச்சி என்று பாராட்டியது.

அண்ணாச்சி நொந்துபோய், கேமராவில் பதிந்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பகல். மருக்கொழுந்து படத்தைப் பார்க்கிறாள். சுற்றும் முற்றும் பார்க்கிறாள். தூங்குகிற சுடலியைப் பார்க்கிறாள். விரலால் சரக் சரக்கென்று ஒரு நிலாவை அழிக்கிறாள். ராத்திரி. சுடலி படத்தைப் பார்க்கிறாள். சுற்றும் முற்றும் பார்க்கிறாள். தூங்குகிற மருக்கொழுந்தைப் பாசமாகப் பார்க்கிறாள், விலகிக் கிடந்த அவள் வாலை எடுத்து ஒழுங்காகப் போர்த்திவிடுகிறாள். பிறகு அவள் வரைந்த ஒரு குடையைத் தேய்த்து அழிக்கிறாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

இதில் வெட்ட எதுவும் இல்லை. ஒட்டவும் இல்லை. அண்ணாச்சிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை நாள் தொழிலில், உள்ளதை உள்ளபடி போட்டதே கிடையாது. எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை பொழுது சாயும்போது, இரண்டு பேரும் விழித்திருக்கிற நேரம் பார்த்து, பொந்துக்குள் அதையே ஒரு குறும்படமாகப் போட்டுக் காட்டினார். வெளியே காடே போனும் கையுமாக உட்கார்ந்திருந்தது. படம் ஓடி முடிந்தது. இது தன்னைப் பற்றியது இல்லை என்று தெரிந்து மயிலின் முகம் மட்டும் வாடியது.

"அந்தச் சோப்பு," என்றாள் மருக்கொழுந்து. "அது நீதானா?"

"அப்போ என் நிலா?" என்றாள் சுடலி. "அத்தனை நிலாவும்?"

"போன் தின்னுதுன்னு நீதானட்டி சொன்ன."

"நீதான் முதல்ல சொன்ன. நான் நம்புனேன்."

"நானும் நம்பத்தான் செஞ்சேன்."

அதற்கு மேல் பேசி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. மருக்கொழுந்து ஒரு மூலைக்குப் போனாள், சுடலி ஒரு மூலைக்குப் போனாள். நடுவில் ஆமை இருந்தது.

காடு அன்றே இரண்டு பேரையும் வெளியே அனுப்பியது. அனுப்பிவிட்டு இரண்டாகப் பிரிந்தது. அழித்த சோப்புக்காக அழுதவர்கள் சோப்புக் கட்சி. அழித்த நிலாவுக்காக அழுதவர்கள் நிலாக் கட்சி. அவரவர் முகப்புப் படத்தில் முகத்தை எடுத்துவிட்டுச் சோப்பையோ நிலாவையோ வைத்துக்கொண்டார்கள். புறா வீட்டில் பேசி முடித்திருந்த ஒரு கல்யாணம் நின்றுபோனது. பெண் வீட்டார் சோப்பு, மாப்பிள்ளை வீட்டார் நிலா.

இலுப்பை மரத்தில் போன் ஒரு கவட்டையில் கிடந்தது. இனித் தொல்லை இல்லை என்று அண்ணாச்சி பம்புக் கரண்டை விட்டுக்கொடுத்திருந்தும் யாரும் எடுக்கவில்லை. பொழுது சாயும்போது மருக்கொழுந்து இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சுடலி இறங்கிப் போகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. யாராவது கேட்டால்தானே நாம் சாப்பிடவில்லை என்பதே நமக்குத் தெரிகிறது. மருக்கொழுந்து கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தாள். முதுகுக் கோடுகள் ஒன்றோடு ஒன்று நெருங்கி வந்துவிட்டன.

காட்டுக்கோழி மதினிக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மனம் விட்டுப் பேசுவது எப்படி என்று போனில் யாரோ சொன்னதைப் பார்த்திருந்தாள். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"ரெண்டு பேரும் செஞ்சது தப்பு. ரெண்டு பேரும் மன்னிப்புக் கேளுங்க. இனிமே ஒரு கோடு போடுறதா இருந்தாலும் கேட்டுட்டுப் போடணும். அழிக்கிறதா இருந்தாலும் கேட்டுட்டு அழிக்கணும். சரியா?" என்றாள்.

இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். கட்டிக்கொண்டார்கள். குரங்குகள் அதைப் படம் பிடித்தன. சோப்புக் கட்சியும் நிலாக் கட்சியும் சேர்ந்து அழுதன. நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எல்லோரும் எழுந்துகூட விட்டார்கள். ஆனால் மறுநாளும் விடிந்தது.

மறுநாள் பொழுது சாயும்போது சுடலி, நிலா வைக்கட்டுமா என்று கேட்டாள். வையேன் என்றாள் மருக்கொழுந்து. முழு நிலாவா, பிறையா என்றாள் சுடலி. உன் இஷ்டம் என்றாள் அவள். இல்லை, உன் இஷ்டத்தைச் சொல் என்றாள் இவள். அதற்குள் மருக்கொழுந்துக்குத் தூக்கம் சொக்கியது. நிலாவின் அளவு மறுநாள் விடியலுக்குத் தள்ளிப்போனது. விடியலில் சுடலிக்குத் தூக்கம் சொக்கியது. இப்படியே பேசிப் பேசி, கடைசியில் படத்தின் நடுவில் ஒரு நிலா வந்தது. அதே அளவில் பக்கத்தில் ஒரு சோப்பு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் கும்பிடு போட்டார்கள். அருமை என்று எழுதினார்கள். யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. வரைந்தவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா என்று தெரியாமல் இருவரும் சும்மா இருந்தார்கள். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு வாயெடுத்துவிட்டு, கேட்கலாமா என்று கேட்காமல் கேட்பது எப்படி என்று மருக்கொழுந்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் சுடலி வரவில்லை. மருக்கொழுந்து காத்திருந்து பார்த்துவிட்டு மரத்தின் பின்பக்கம் போனாள். பட்டையில் புதிதாக நகக் கீறல் இருந்தது. சுடலி அந்தப் பக்கமாக இறங்கிப் போயிருக்கிறாள். தன்னைப் பார்க்கக் கூடாதென்று, முள்ளுச் செடி இருக்கிற பக்கமாக.

மருக்கொழுந்து அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சண்டை போட்டபோதுகூடச் சுடலி முன்பக்கமாகத்தான் இறங்கினாள். சமாதானம் ஆன பிறகுதான் முள்ளில் இறங்குகிறாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே மரியாதையாக இருந்தால் வேறு மரம் பார்த்துப் போய்விடுவாள்.

மறுநாள் மருக்கொழுந்து பின்பக்கத்தில், முள்ளுச் செடிக்கு மேலே போய்க் காத்திருந்தாள். சுடலி இறங்கி வந்தவள் அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன்," என்றாள் மருக்கொழுந்து. "அந்தக் குறும்படத்துல வந்தது நீதானா?"

சுடலி முள்ளுக்கு மேலே காலை மாற்றி வைத்தாள்.

"எனக்கென்னமோ அந்தக் கை உன் கை மாதிரித் தெரியலை. உன் கை இவ்வளவு கறுப்பு கிடையாதே."

சுடலி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுட்டி. அதுல வந்த அணில் குண்டா இருந்தா," என்றாள்.

"நான் எப்போ குண்டா இருந்தேன்?"

"அதைத்தான் சொல்லுதேன்."

"நரி அண்ணாச்சி என்னைக்காவது வெட்டி ஒட்டாம ஒண்ணு போட்டிருக்காரா?"

"போட்டதே இல்லை."

"பின்னே?"

"பின்னே என்ன. எவளையோ பிடிச்சு நடிக்க வச்சு ஒட்டியிருக்காரு. நாமளும் மடச்சிங்க மாதிரி மன்னிப்பு எல்லாம் கேட்டுட்டோம்."

இருவருக்கும் மனசு லேசானது. சுடலி மரத்தைச் சுற்றி முன்பக்கத்துக்கு வந்து, போனை எடுத்துக்கொண்டு, நிதானமாக இறங்கிப் போனாள். விடிவதற்குள் அந்த நிலாவையும் சோப்பையும் ஒரே தேய்ப்பாகத் தேய்த்துவிட்டு, பெரிய கத்தரிக்கோலோடு நரி அண்ணாச்சி நிற்பது போல வரைந்தாள். காலையில் மருக்கொழுந்து கத்தரிக்கோலை அழித்துவிட்டு அரிவாள்மணை வைத்தாள். அண்ணாச்சி அதில் உட்கார்ந்து, வெங்காயம் நறுக்குவது போல மிருகங்களை நறுக்கித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

காடு மறுபடி விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாம் அண்ணாச்சி வேலை என்று தெரிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. புறா வீட்டுக் கல்யாணத்துக்குத் திரும்ப நாள் குறித்தார்கள். முகப்புப் படத்தில் பழையபடி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

நரி அண்ணாச்சிக்குத்தான் தாங்கவில்லை. ஒரு வெட்டு இல்லை, ஒரு ஒட்டு இல்லை என்று மருதமரத்தடியில் நின்று சத்தியம் செய்தார். கேமராவில் பதிந்ததை முழுசாகப் போட்டுக் காட்டினார். குளத்துத் தவளை அதை உற்றுப் பார்த்து, மருக்கொழுந்து கண் சிமிட்டுகிற இடத்தில் நிறுத்தி, ஒட்டுப் போட்ட இடம் இதுதான் என்று விளக்கியது. அண்ணாச்சி அழுதார். நிஜமாகவே அழுதார். பரவாயில்லை, மயிலைவிட நன்றாக நடிக்கிறார் என்றார்கள். காட்டுக்கோழி மதினி மட்டும் இரக்கப்பட்டு, "அண்ணாச்சி, நிஜம்னு சொல்லணும்னா அதுக்கு முன்னால ரெண்டு தரமாவது சொல்லிப் பழகியிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிகழ்ச்சி நின்றுபோனது. அந்த சீசனில் ஆமை ஜெயித்தது. யாரும் அதனிடம் சொல்லாததால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அண்ணாச்சி ஒரு சாயங்காலம் இலுப்பை மரத்தடிக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். தோழிகள் இருவரும் அப்போதுதான் போனைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, ஊரு நம்ப வேண்டாம். நீங்க ரெண்டு பேருமாவது உங்க வாயால சொல்லிருங்க. நான் போட்டது உள்ளதுதானே?" என்றார்.

மருக்கொழுந்து சுடலியைப் பார்த்தாள். சுடலி மருக்கொழுந்தைப் பார்த்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் அவர்கள் பார்த்ததே இல்லை.

சுடலி பொந்துக்குள் போய்ப் பலாச்சுளை கொண்டுவந்து ஒரு இலையில் வைத்தாள். நல்ல தேன்சுளை. அண்ணாச்சி சாப்பிட்டு நாளாகியிருந்தது. இரண்டு சுளை தின்றார். இன்னும் இரண்டு வைத்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு எதைக் கேட்பது. தின்று முடித்தபோது இருட்டிவிட்டது. நாளைக்கு வந்து கேட்கிறேன் என்று போனார். மறுநாள் வந்தார். மருக்கொழுந்து நாவற்பழம் வைத்திருந்தாள். அதற்கு மறுநாள் அவர் எதையும் கேட்க வரவில்லை, சாப்பிடத்தான் வந்தார்.

படங்கள் பழையபடி வந்தன. கோடுகளும் காணாமல் போயின. காது போனால் அண்ணாச்சி, குடை போனால் அண்ணாச்சி. அவர் அந்தப் போனைக் கையால் தொட்டது கிடையாது. ஆனாலும் இலையில் சோறு வைக்கிற மாதிரிப் பழத்தை வைத்துவிட்டு, எங்கள் படத்தில் ஏன் அண்ணாச்சி கை வைக்கிறீர்கள் என்று இருவரும் செல்லமாகக் கோபித்துக்கொள்வார்கள். அவர் முதலில் மறுத்துப் பார்த்தார். பிறகு தின்றுகொண்டே தலையை ஆட்டப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள், மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் ஏதோ வேலை இருக்கிறதாம், போகலாமா என்று பார்க்கிறேன் என்றார். மருக்கொழுந்து தூக்கக் கலக்கத்தில் இருந்தவள் முழுசாக விழித்துக்கொண்டாள்.

"நீங்க போயிட்டா நாங்க என்ன செய்வோம் அண்ணாச்சி?" என்றாள் சுடலி. அதில் ஒரு துளி நடிப்பு இல்லை.

பிறந்ததிலிருந்து அண்ணாச்சியை யாரும் இரு என்று சொன்னதில்லை. எங்கே போனாலும் துரத்தித்தான் பழக்கம். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகவில்லை என்றார். சுடலி இன்னும் ஒரு சுளை வைத்தாள்.

நீதி: நட்பு நிலைக்க இரண்டு பேர் போதாது. பழியைச் சுமக்க மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட்டுவிட வேண்டும்.